மேட்டுக்குரிய கியர்

(பழைய கேம்பர் வேன்களுக்குப் பல்விகிதம் தேர்ந்தெடுப்பது பற்றிப் பெங்களூரில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பழைய வேன் ஒன்றை வாங்கி, அதற்குள் படுக்கையும் அடுப்பும் தண்ணீர்த் தொட்டியும் அமைத்துக்கொண்டு, குடும்பத்தோடு ஊர் ஊராகச் சென்று வரவேண்டும் என்ற ஆவல் இந்நகரத்தில் பலருக்கு உண்டாகியிருக்கிறது. அவ்வாறு புறப்படுகிறவர்கள் இஞ்சினைப் பற்றி விசாரிக்கிறார்கள். கூரையில் துரு இருக்கிறதா என்று தட்டிப் பார்க்கிறார்கள். மெத்தைத் துணியின் நிறத்தைப் பற்றிக்கூட நெடுநேரம் யோசிக்கிறார்கள். கியர்ப் பெட்டியைப் பற்றிக் கேட்பவர் அரியர், கேட்பவரும் வண்டியை வாங்கி, வீடாக்கி, முதல் மலைப் பிரயாணத்தை முடித்துக்கொண்டு வந்த பிறகே, "வண்டிக்கு இழுவை இல்லையே, என்ன செய்யலாம்?" என்று கேட்கிறார். இஞ்சினில் பெரும்பாலும் ஒரு கோளாறும் இராது. அந்த இஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் நடுவே நின்று தரகு செய்கிற பற்சக்கரங்களின் விகிதம், அவர் ஏற்றியிருக்கும் சுமைக்கும் அவர் செல்லும் வழிக்கும் பொருந்தாததாக இருக்கும்.

பெங்களூரில் குடியிருந்துகொண்டு இத்தகைய வண்டிக்குப் பல்விகிதம் தேர்ந்தெடுக்கிறவர், அது சமவெளியில் மணிக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்ற கணக்கை ஒத்திவைத்துவிட்டு, திரும்பி வரும் வழியில் எந்த மேட்டை எந்தக் கியரில் ஏறும் என்ற கணக்கையே முதலில் போட வேண்டும் என்பது என் துணிபு. அதற்கான காரணங்களை இன்று சற்று விரிவாகவே எடுத்துரைக்க அனுமதி வேண்டுகிறேன்.

இந்த நகரம் கடல் மட்டத்துக்குமேல் 900 மீட்டருக்கு அதிகமான உயரத்தில், ஒரு பீடபூமியின் முதுகில் அமர்ந்திருக்கிறது. தெற்கே ஓசூரைத் தாண்டிக் கிருஷ்ணகிரிக்குப் போனால் நிலம் இறங்குகிறது; மேற்கே சக்லேஷ்பூரைக் கடந்து ஷிராடி மலைப்பாதையிலோ, அதற்கு வடக்கே சார்மாடியிலோ இறங்கினால் மங்களூரின் கடற்கரை; சாமராஜநகரம் வழியாகச் சென்றால் திம்பத்தின் இருபத்தேழு கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கிச் சத்தியமங்கலம். நீலகிரிக்குச் செல்வோர்க்கு மட்டும் பாதை மேல்நோக்கிப் போகிறது. மசினகுடியிலிருந்து கல்லட்டி வழியே முப்பத்தாறு கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகமண்டலத்தை அடைய வேண்டும். ஆகவே இங்கிருந்து கடலுக்கோ சமவெளிக்கோ போகிற வண்டி, போகும்போது சிரமமில்லாமல் இறங்கிவிடுகிறது. களைத்துப்போன ஓட்டுநரோடும், உறங்குகிற குழந்தைகளோடும், வாங்கிச் சேர்த்த பொருள்களோடும் திரும்பும்போது ஏறியாக வேண்டியிருக்கிறது. சென்னையில் இருப்பவருக்கு இந்த நிர்ப்பந்தம் இல்லை. பெங்களூர்க்காரருக்கு வீடு என்பதே மேட்டின் உச்சியில் இருக்கிறது.

இனி, வண்டிகளைப் பார்ப்போம். உலகெங்கும் கேம்பர் வேன் என்றவுடன் நினைவுக்கு வருவது ஜெர்மனியின் வோக்ஸ்வேகன் டைப் 2. 1947-ல் பென் பான் என்ற டச்சு வியாபாரி ஒரு தாளில் வரைந்த கோட்டுச் சித்திரத்திலிருந்து பிறந்து, 1950-ல் 25 குதிரைச் சக்தியோடு தொழிற்சாலையை விட்டுப் புறப்பட்ட அந்த வண்டிக்குள், மறு ஆண்டிலேயே வெஸ்ட்ஃபாலியா நிறுவனத்தார் படுக்கையும் அலமாரியும் அமைத்துக் கொடுத்தார்கள். அறுபதுகளிலும் எழுபதுகளிலும் ஐரோப்பிய இளைஞர்கள் துருக்கி, ஈரான், ஆப்கானிஸ்தானம் வழியாகத் தரைமார்க்கமாகவே அவற்றை இந்தியா வரை ஓட்டி வந்தார்கள். இன்று இந்த ஊரில் அவற்றைப் பேணி வைத்திருப்பவர்கள் சிலரே என்றாலும், பல்விகிதக் கணக்குக்கு அதைவிடத் தெளிவான பாடநூல் கிடையாது என்பதால் அதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன். நம் தேசத்து வண்டிகளில், சென்னையை அடுத்து ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனத்தார் ஆங்கிலேய 'அட்லஸ்' வேனின் வழியில் செய்த 'ஸ்டாண்டர்டு 20' இப்போது காண்பதற்கே அரிதாகிவிட்டது. 1969-ல் பஜாஜ் டெம்போ நிறுவனத்தார் வெளியிட்ட 'மட்டடோர்', பால் வண்டியாகவும் பள்ளிக்கூட வண்டியாகவும் கல்யாணக் கோஷ்டிகளின் வாகனமாகவும் உழைத்தது. 1987-ல் வந்த 'டெம்போ டிராவலர்', இந்த ஊர் ஜனங்கள் செல்லமாக 'டி.டி.' என்று அழைப்பது, இன்று வீடாக மாற்றப்படுகிற பழைய வேன்களில் முன்னணியில் நிற்கிறது.

கியர் எதற்கு என்ற ஆரம்பப் பாடத்தை இச்சபையில் நீட்ட வேண்டியதில்லை. ஓர் இஞ்சின் தன் முழு முறுக்கு விசையைக் குறிப்பிட்ட ஒரு சுற்று வேகத்தை ஒட்டித்தான் கொடுக்கிறது. அதற்கு மிகக் கீழே திணறுகிறது, மிக மேலே வீணாக அலறுகிறது. சாலையோ கணந்தோறும் மாறுகிறது. இஞ்சினை அதன் சுகமான எல்லைக்குள் வைத்துக்கொண்டே சக்கரத்தின் வேகத்தை மாற்றுவதற்காகத்தான் கியர்கள் இருக்கின்றன. இதில் மனத்தில் இருத்த வேண்டியது ஒன்று உண்டு: ஒவ்வொரு கியரின் விகிதமும் தனியே பொருளுடையதன்று, அதை அச்சிலுள்ள கிரவுன் பினியன் விகிதத்தால் பெருக்கி, டயரின் சுற்றளவோடு சேர்த்துப் பார்த்தால்தான் அது சாலையில் என்ன செய்யும் என்பது விளங்கும். கியர்ப் பெட்டியைப் பற்றி மணிக்கணக்கில் பேசிவிட்டு டயரை மறந்துவிடுகிறவர்கள், கணக்கின் கடைசி வரியை எழுதாமல் விட்டவர்களே.

1971-ஆம் ஆண்டின் 1600 சி.சி. வோக்ஸ்வேகனை எடுத்துக்கொள்வோம். 4,000 சுற்றில் 50 குதிரைச் சக்தி. 2,800 சுற்றில் ஏறத்தாழ 106 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை. நான்கு கியர்கள்: 3.80, 2.06, 1.26, 0.82. கிரவுன் பினியன் 43-க்கு 8, அதாவது 5.375. டயர் ஒரு சுற்றுக்கு இரண்டு மீட்டர் உருளும் என்று கொள்வோம். இவற்றைப் பெருக்கி வகுத்துப் பார்த்தால், இஞ்சின் 4,000 சுற்றில் இருக்கும்போது முதல் கியரில் மணிக்கு 23.5 கிலோமீட்டரும், இரண்டாவதில் 43-ம், மூன்றாவதில் 71-ம், டாப் கியரில் 109-ம் கிடைக்கின்றன. தொழிற்சாலையார் உச்ச வேகம் ஏறத்தாழ 110 என்று எழுதியதற்கும் இதற்கும் பேதமில்லை. ஆயினும் இந்த 109 என்ற எண்தான் மனிதரை மயக்குகிறது. மைசூருக்கு 2023-ல் விரைவுச்சாலை திறந்த பிறகு இந்த மயக்கம் இன்னும் வலுத்திருக்கிறது. "80 கிலோமீட்டர் வேகத்திலேயே இஞ்சின் 2,940 சுற்றுச் சுற்றுகிறதே, காதைத் துளைக்கிறதே, கொஞ்சம் நீளமான கிரவுன் பினியன் போட்டால் நிம்மதியாகப் போகலாமே" என்று தோன்றுவது இயல்பு. அதே நிறுவனத்தார் பின்னாளில் 2,000 சி.சி. இஞ்சின் வைத்தபோது பயன்படுத்திய 4.57 விகிதம் அதற்குக் கையெட்டும் தூரத்தில் இருக்கிறது. அதை மாட்டினால் 80 கிலோமீட்டரில் இஞ்சின் 2,500 சுற்றுக்கு இறங்கிவிடும் என்பது மெய்யே.

அதற்குக் கொடுக்கும் விலையைக் காண வேண்டுமானால் விரைவுச்சாலையை விட்டு மலைப்பாதைக்கு வர வேண்டும். படுக்கை, தண்ணீர், நால்வர், அவர்களுடைய சாமான்கள் எல்லாம் சேர்த்து வண்டி 1,900 கிலோ எடை என்று வைத்துக்கொள்ளுங்கள். நூறடிக்கு ஏழடி உயரும் மேடு. வேகம் மணிக்கு 50 கிலோமீட்டர். மேட்டை வெல்ல 133 கிலோ இழுவை, டயரின் உராய்வுக்கு 25, எதிர்க்காற்றுக்கு 13 என, மொத்தம் ஏறத்தாழ 170 கிலோ இழுவை சக்கரத்தில் வேண்டும். பெங்களூரின் உயரத்தில் காற்று கடலோரத்தைவிட எட்டுச் சதவீதம் அடர்த்தி குறைந்தது. டர்போ இல்லாத இஞ்சின் அந்த அளவு சக்தியை இழக்கிறது. அதையும், பற்சக்கரங்களில் வீணாகும் பத்துச் சதவீதத்தையும் கழித்துவிட்டுப் பார்த்தால், பழைய 5.375 விகிதத்தில் மூன்றாவது கியர் 190 கிலோ இழுவை தருகிறது. வண்டி ஏறிவிடுகிறது, மிச்சமும் இருக்கிறது. 4.57 விகிதத்தில் அதே மூன்றாவது கியர் தருவது 162 கிலோதான். எட்டுக் கிலோ பற்றாக்குறை என்பது காகிதத்தில் சிறிய எண்ணாகத் தோன்றலாம். சாலையில் அது வேகம் 50-லிருந்து 45, 40 என்று கரைந்து, கடைசியில் ஓட்டுநர் இரண்டாவது கியருக்கு இறங்கியே தீர வேண்டும் என்ற கட்டாயமாகிறது. இரண்டாவது கியரில் இஞ்சினை 4,000 சுற்று வரை விரட்டினாலும் 51 கிலோமீட்டருக்குமேல் போகாது. சமவெளியில் 440 சுற்று அமைதியை வாங்கியவர், மேட்டில் 1,000 சுற்றுக்கும் அதிகமான கூச்சலை ஏற்றுக்கொள்கிறார்.

உயரம் கூடக் கூட இந்த நிலை கடுமையாகிறது. உதகமண்டலத்தை நெருங்கும்போது காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைப்போல் ஐந்தில் நான்கு பங்குதான். அங்கே பழைய விகிதத்திலேயே மூன்றாவது கியருக்கு ஏழு சதவீத மேடு சற்று மிஞ்சிவிடுகிறது என்பதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். எட்டடிக்கு ஓரடி உயரும் செங்குத்தான துண்டுகளில் இரண்டாவது கியர் 271 கிலோ தருகிறது, தேவை 265. மயிரிழையில் தப்புகிறோம். 4.57 போட்ட வண்டியிலோ இரண்டாவது கியர் 230 கிலோவோடு நின்றுவிடும். முதல் கியரில் ஊர்ந்தே ஏற வேண்டும். வளைவில் எதிரே பஸ் வந்து நிறுத்த நேர்ந்தால், மறுபடி கிளப்புவதற்கு முதல் கியருக்குக் கீழே வேறு கியர் கிடையாது.

காற்றால் குளிரும் இஞ்சின் என்பதால் இதில் இன்னுமொரு விஷயம் அடங்கியிருக்கிறது. வோக்ஸ்வேகனின் குளிர்விக்கும் விசிறி, இஞ்சினின் சுழற்சியாலேயே பெல்ட் வழியாகச் சுழல்கிறது. நீண்ட கியரில் குறைந்த சுற்றில் இஞ்சினை மேட்டில் திணற அடிக்கும்போது, வெப்பம் மிகுதியாக உண்டாகிற அதே நேரத்தில் விசிறி மெதுவாகச் சுழல்கிறது. "சுற்றைக் குறைத்தேன், இஞ்சின் ஆயுள் கூடும்" என்று எண்ணுகிறவர் தம்மை அறியாமலேயே சிலிண்டர் தலையைச் சுட்டுக்கொண்டிருப்பார். தாழ்ந்த கியரில் சுறுசுறுப்பாகச் சுற்றுகிற இஞ்சின் சத்தமாக இருக்கும். ஆனால் குளிர்ச்சியாக இருக்கும். அந்தச் சத்தத்தைக் கேட்டு ஓட்டுநருக்கு உண்டாகும் கவலை இஞ்சினுக்கு இல்லை.

கிரவுன் பினியனை விட்டுவிட்டு, கியர்களுக்கு இடையிலுள்ள இடைவெளியைச் சற்றுக் கவனிப்போம்; என் அபிப்பிராயத்தில் இவ்விஷயத்தின் உயிர்நிலை அங்கேதான் இருக்கிறது. ஓர் ஏணியில் கீழ்ப்படிகள் அகலமாகத் தள்ளித் தள்ளி இருந்தாலும் ஏறிவிடலாம். உச்சியில், சுமையோடு நிற்கும் இடத்தில், படிகள் நெருக்கமாக இருக்க வேண்டும். கியர்களும் அப்படியே. முதல் கியருக்கும் இரண்டாவதற்கும் நடுவே சுற்று வேகம் ஏறக்குறையப் பாதியாக விழுந்தாலும் வண்டி அதைப் பொறுத்துக்கொள்கிறது; அந்த வேகங்களில் எதிர்க்காற்று இல்லை. மூன்றாவதிலிருந்து டாப்புக்குப் போகும்போதோ நிலைமை வேறு. 4,000 சுற்றில் மூன்றாவதை விட்டுப் பழைய 0.82 கியரைப் போட்டால் இஞ்சின் 2,600 சுற்றுக்கு விழுகிறது. முறுக்கு விசையின் உச்சமான 2,800-க்குக் கீழே போய்விட்டதால், சிறிது மேடும் சிறிது எதிர்க்காற்றும் சேர்ந்தாலே வேகம் மேலும் குறைகிறது. குறையக் குறைய இழுவையும் குறைகிறது. ஓட்டுநர் மறுபடி மூன்றாவதற்கு வருகிறார். ஓசூர்ச் சாலையின் நீண்ட ஏற்றங்களில் மூன்றாவதற்கும் டாப்புக்கும் இடையே கை ஓயாமல் அலைகிற அனுபவம் பழைய வேன் வைத்திருக்கும் அனைவருக்கும் உண்டு.

இதற்கு மருந்து அந்தக் குடும்பத்துக்குள்ளேயே இருக்கிறது. 1967-க்குப் பிந்தைய பீட்டில் காரிலும் முதல் மூன்று கியர்கள் 3.80, 2.06, 1.26 என்ற இதே விகிதங்கள்தாம். நான்காவது மட்டும் 0.89. அந்த 0.89-ஐ வேனுக்குக் கொடுத்தால், மூன்றாவதிலிருந்து மாறும்போது இஞ்சின் 4,000-லிருந்து 2,825 சுற்றுக்கு வந்து நிற்கும். முறுக்கு விசை உச்சத்தில் இருக்கும் இடமும் அதுவே. டாப் கியரில் 70 கிலோமீட்டர் வேகத்தில் ஏறக்கூடிய மேடு நூறுக்கு 3.9-லிருந்து 4.4 ஆக உயர்கிறது. உச்ச வேகம் 109-லிருந்து 100-க்கு இறங்குகிறது. 80 கிலோமீட்டரில் இஞ்சின் 250 சுற்று அதிகம் சுற்றுகிறது. ஐம்பது குதிரைச் சக்தியும் இரண்டு டன் எடையும் உள்ள ஒரு வண்டி, பீடபூமியில் வாழ்கிற ஒரு வண்டி, இந்த விலையைக் கொடுக்கலாம். கொடுக்க வேண்டும் என்றே நான் சொல்லுவேன். சமவெளியில் மட்டுமே திரிய எண்ணுகிறவர் 0.82-ஐ வைத்துக்கொள்ளட்டும், அது தவறன்று. பெரிய இஞ்சின் மாற்றியவருக்கு 4.57 பொருந்தும், அந்த விகிதம் பிறந்ததே அத்தகைய இஞ்சினுக்காகத்தான்.

மட்டடோருக்கு வருவோம். ஹாம்பர்க் நகரத்து விடால் நிறுவனத்தின் வழிவந்த அந்த வண்டி முன்சக்கரத்தால் இழுக்கப்படுவது. தளம் தாழ்வாக இருப்பதால் வீடாக்குவதற்கு அது மிகச் சௌகரியமானது. ஆனால் மேட்டில் ஒரு வண்டி ஏறும்போது அதன் எடை பின்பக்கம் சாய்கிறது. தண்ணீர்த் தொட்டியையும் பாட்டரிகளையும் சமையல் வாயு உருளையையும் பின்கோடியில் அடுக்கிவிட்டால், இழுக்க வேண்டிய முன்சக்கரங்கள் தரையைப் பற்றும் பலத்தை இழக்கின்றன. ஈரமான வளைவில் எவ்வளவு தாழ்ந்த முதல் கியர் இருந்தாலும் சக்கரம் சுழலுமே தவிர வண்டி நகராது. எனவே மட்டடோரில் பல்விகிதத்தைப் பற்றி யோசிக்கும் முன்னர்ச் சுமையின் இடத்தைப் பற்றி யோசிக்க வேண்டும். கனமானவை எல்லாம் ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னே, தளத்தோடு ஒட்டி இருக்கட்டும்.

டிராவலருக்கு வந்த டீசல் இஞ்சின், பென்ஸ் நிறுவனத்தார் தங்கள் 240 டி காரில் வைத்த ஓ.எம். 616 என்ற குடும்பத்தைச் சேர்ந்தது: 2,399 சி.சி., நான்கு சிலிண்டர், காரில் இருந்தபோது 72 குதிரைச் சக்தியும் 2,400 சுற்றில் 137 நியூட்டன் மீட்டரும். உழைப்பில் நிகரற்றது; அவசரம் அறியாதது. டர்போ இல்லாத பழைய டீசல் இஞ்சினுக்குச் சுகமான சுற்று எல்லை குறுகியது. ஆகவே அதற்கு ஐந்து கியர் உள்ள பெட்டி பெரும் வரம். நான்கு கியர்ப் பெட்டியையும் ஐந்து கியர்ப் பெட்டியையும் ஒப்பிடுகிறவர் ஐந்தாவது எவ்வளவு நீளம் என்று பார்ப்பதைக் காட்டிலும், மூன்றாவதற்கும் நான்காவதற்கும் உள்ள தூரம் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்ப்பது நலம். இவ்வகை வண்டிகளில் ஒன்றுக்கு ஒன்று என்ற நேர் கியரில், சக்தி இடையிலுள்ள பற்களைக் கடக்காமல் தண்டிலிருந்து தண்டுக்கு நேரே செல்கிறது; இழப்பு மிகக் குறைவு. நாள் முழுவதும் ஓடும் வேகத்தை அந்த நேர் கியருக்கு அமையும்படி கிரவுன் பினியனைத் தேர்ந்தெடுத்தால், ஐந்தாவதைச் சமவெளிக்கும் ஏற்றமில்லாத நெடுஞ்சாலைக்கும் வைத்துக்கொள்ளலாம்.

டயரை மறக்கக் கூடாது என்று முன்னரே சொன்னேன். 215/75 ஆர் 15 என்று எழுதிய டயரின் விட்டம் கணக்குப்படி 704 மில்லிமீட்டர். பழைய 7.00-15 டயர் அதைவிட உயரமானது, ஏறத்தாழ 750. கடைக்காரர் கொடுத்ததை மாட்டிக்கொண்டு வருகிறவர், தமக்குத் தெரியாமலேயே பல்விகிதத்தை ஆறு சதவீதம் மாற்றிக்கொண்டு வருகிறார். கியர்ப் பெட்டியைத் திறக்காமல் மேட்டில் இழுவையைக் கூட்ட விரும்புகிறவருக்குச் சுமை தாங்கும் தகுதி குறையாத சற்றுச் சிறிய டயரே மிகச் சிக்கனமான வழி.

வீடாக மாறிய வண்டிக்கும் பிரயாணிகளை ஏற்றும் வண்டிக்கும் ஒரு பெரிய பேதம் உண்டு. பிரயாணிகள் இறங்கினால் சுமை இறங்கிவிடும். நூறு லிட்டர் தண்ணீரும், பலகை அலமாரிகளும், பாட்டரிகளும், குளிர்ப்பெட்டியும் இறங்குவதில்லை. அந்த வண்டி தன் ஆயுள் முழுவதும் பாதிச் சுமையோடு வாழ்கிறது. தொழிற்சாலையார் தேர்ந்தெடுத்த விகிதம் காலியாகவும் நிறைந்தும் மாறி மாறி ஓடும் வண்டிக்கானது. ஆகவே வீடாக மாற்றியதும் எடைமேடைக்குக் கொண்டுபோய், முன்னச்சையும் பின்னச்சையும் தனித்தனியே நிறுத்துப் பார்த்த பிறகே கணக்கில் இறங்க வேண்டும்.

முதல் கியரைப் பற்றிச் சில வார்த்தைகள். அது மலைக்கு மட்டும் உரியது என்று நினைப்பவர்கள் மாலை வேளையில் சில்க் போர்டு சந்திப்பைக் கடந்து பார்க்கட்டும். மேலே கண்ட வோக்ஸ்வேகனில் இஞ்சின் 800 சுற்றில் சும்மா ஓடிக்கொண்டிருக்கும்போது முதல் கியரில் வண்டி மணிக்கு 4.7 கிலோமீட்டர் நகர்கிறது. மனிதன் நடக்கும் வேகம். கிளட்சை மிதிக்காமலேயே நெரிசலோடு சேர்ந்து ஊர்ந்து போகலாம். முதல் கியரை நீட்டிய வண்டியில் ஒவ்வோர் அடிக்கும் கிளட்ச் பாதி நழுவ வேண்டியிருக்கும். கிளட்ச் பிளேட் எரிந்து, அதற்காகக் கியர்ப் பெட்டியை இறக்கும் கூலியும் சேரும்.

இறக்கத்திலும் அதே கியர்தான் உயிரைக் காக்கிறது. தர்மபுரிக்கும் சேலத்துக்கும் நடுவே தொப்பூர்க் கணவாயில் நடந்த விபத்துகளை நீங்கள் அனைவரும் செய்தித்தாள்களில் படித்திருப்பீர்கள். எரிபொருளை மிச்சப்படுத்துவதாக எண்ணிச் சில லாரிகள் நியூட்ரலில் உருண்டு வருவதும், பிரேக் சூடேறி வலுவிழப்பதும், முன்னால் செல்லும் வண்டிகளின்மேல் மோதுவதும் அங்கே திரும்பத் திரும்ப நிகழ்ந்திருக்கின்றன. இரண்டு டன் வேன் ஒன்று நீண்ட இறக்கத்தில் சேர்த்துக்கொள்ளும் ஆற்றல் முழுவதையும் பழைய டிரம் பிரேக்குகள் வெப்பமாக வாங்கிக்கொள்ள முடியாது; அதில் பெரும்பங்கை இஞ்சின் தாங்க வேண்டும். ஏறிய கியரிலேயே இறங்கு என்று பழைய ஓட்டுநர்கள் சொல்லிக்கொடுப்பார்கள். கியரை நீட்டும்போது இறக்கத்தில் நம்மைப் பிடித்து நிறுத்தும் அந்தக் கையையும் தளர்த்திவிடுகிறோம். குழந்தைகளை ஏற்றிக்கொண்டு செல்லும் வண்டிக்கு இதைவிட முக்கியமான காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

எங்கே கிடைக்கும், யார் செய்வார்கள் என்ற கேள்விக்கு, இந்த ஊர் பாக்கியம் செய்த ஊர் என்பேன். ஜே.சி. சாலையிலும் கலாசிபாளையத்தைச் சுற்றிலும் புதிய உதிரிபாகங்களும், சிவாஜிநகரின் குஜ்ரிக் கடைகளில் பழைய பாகங்களும் கிடைக்கின்றன. பீன்யாவின் தொழிற்கூடங்களில் பற்சக்கரம் வெட்டும் கைத்திறன் இருக்கிறது. ஆனால் பழைய கிரவுன் பினியன் வாங்குகிறவர் ஒன்றை வற்புறுத்திக் கேட்க வேண்டும்: இரண்டும் ஒரே வண்டியிலிருந்து ஜோடியாகக் கழற்றியவையா? கிரவுனும் பினியனும் தொழிற்சாலையிலேயே ஒன்றோடொன்று தேய்த்துப் பொருத்தப்பட்டவை; ஒன்றை இங்கிருந்தும் மற்றொன்றை அங்கிருந்தும் எடுத்தால், பற்களின் எண்ணிக்கை சரியாக இருந்தாலும், ஊளையிடும், பிறகு உடையும். 43-க்கு 8 என்ற அந்த எண்களையே பாருங்கள். இரண்டுக்கும் பொதுவான வகுஎண் கிடையாது. ஆகையால் பினியனின் ஒவ்வொரு பல்லும் கிரவுனின் நாற்பத்து மூன்று பற்களையும் முறை வைத்துச் சந்திக்கிறது. ஒரு பல்லில் குறை இருந்தாலும் அது ஓரிடத்தையே அரிக்காமல் எங்கும் பரவிச் சமமாகத் தேய்கிறது. எளிமையாக 40-க்கு 8 என்று வைத்திருந்தால் ஒரு பினியன் பல் கிரவுனில் ஐந்தே பற்களை விடாமல் கடித்துக்கொண்டிருக்கும். பற்களின் எண்ணிக்கையைத் தீர்மானித்த அந்த எஞ்சினீயர்களின் நுட்பத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மரியாதை பெருகுகிறது. பொருத்தும் மெக்கானிக், நீலச்சாயம் தடவிப் பல் படியும் தடத்தைப் பார்த்து, ஷிம் வைத்து இடைவெளியைச் சரிசெய்பவராக இருக்க வேண்டும். "ஓட ஓட செட் ஆகிவிடும்" என்று சொல்பவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.

வேகமானியும் கணக்கில் சேரும். வோக்ஸ்வேகனில் அது இடது முன்சக்கரத்திலிருந்து இயங்குவதால், கிரவுன் பினியன் மாறினாலும் பொய் சொல்லாது, டயர் மாறினால் சொல்லும். கியர்ப் பெட்டியிலிருந்து வேகமானி இயங்கும் வண்டிகளில் இரண்டுமே அதைப் பாதிக்கும். அதற்குரிய சிறு பற்சக்கரத்தையும் கூடவே மாற்ற வேண்டும். சட்டத்தின் பக்கத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள்: உற்பத்தியாளர் குறித்த விவரங்களிலிருந்து வண்டி வேறுபடும்படி மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது, கேரவன் உடற்கட்டுக்கு ஏ.ஐ.எஸ். 124 என்ற தர விதி உண்டு. பதினைந்து வயது கடந்த சொந்த வண்டிக்குப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். பணம் செலவழிக்கும் முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டுக்கொள்வது உத்தமம்.

கடைசியாக ஒரு யோசனை. கியர்ப் பெட்டியைத் திறக்க முடிவு செய்வதற்கு முன்பு, வண்டியில் தண்ணீரை நிரப்பி, குடும்பத்தையும் சாமான்களையும் ஏற்றிக்கொண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் நந்தி மலைக்குப் போங்கள். 1,478 மீட்டர் உயரம். நகரத்திலிருந்து ஒரு காலைப்பொழுதில் போய் வந்துவிடலாம். பக்கத்தில் இருப்பவர் கையில் ஒரு குறிப்பேட்டைக் கொடுத்து, ஒவ்வொரு வளைவிலும் எந்தக் கியர், என்ன வேகம், எங்கே இழுவை தளர்ந்தது என்று எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். மூன்றாவதில் ஏறக்கூடிய இடங்களில் இரண்டாவதற்கு இறங்க நேர்ந்தால் கிரவுன் பினியன் நீளம். மலையில் சரியாக ஏறி, நெடுஞ்சாலை ஏற்றத்தில் மட்டும் மூன்றாவதற்கும் டாப்புக்கும் இடையே அலைந்தால் டாப் கியர் நீளம். இரண்டுமில்லாமல் எல்லாக் கியரிலும் சோர்ந்தால், பெட்டியைத் தொடாதீர்கள், வால்வு இடைவெளியையும் எரிபொருள் பம்பையும் சோதித்துவிட்டு மறுபடி அதே மலைக்குப் போங்கள். அந்தக் குறிப்பேட்டோடு மெக்கானிக்கிடம் போகிறவருக்கு என்ன விகிதம் வேண்டும் என்பதை அந்த மெக்கானிக்கே சொல்லிவிடுவார். என் சொற்பொழிவு தேவைப்படாது.